மேலே குட்டி விமானம்... கீழே டிரக்! கொக்குக் குஞ்சுகளுக்கு 1,900 கி.மீ. வழி சொல்லிக் கொடுத்த கதை

வலசை போகும் கொக்குக் குஞ்சுக்கு வழி காட்டுவது அதோட அப்பா, அம்மாதான். அந்தப் பாதை தெரிந்த ஒரு பறவைகூட உயிரோடு இல்லை என்றால்?

அமெரிக்காவில் 2001-ல் இப்படி ஒரு நிலைமை. குஞ்சுகள் இருந்தன, போக வேண்டிய ஊரும் இருந்தது, வழி காட்டத்தான் ஆள் இல்லை. அந்த வேலையை மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் குட்டி விமானத்தில் முன்னே பறப்பார். குஞ்சுகள் அவருக்குப் பின்னால் பறக்கும். கீழே சாலையில் டிரக்குகளும் வேன்களும் அடுத்த ஊருக்கு ஓடும். வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில் கிளம்பி தெற்கே புளோரிடாவில் முடியும் இந்தப் பயணம், 15 ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. 2016-ல் நிறுத்தினார்கள்.

ஏன் தொடங்கினார்கள்? எப்படிச் செய்தார்கள்? பறக்க மறுத்து டிரக்கில் போன கொக்குக்கு என்ன ஆச்சு? இவ்வளவு பாடுபட்ட திட்டத்தை ஏன் நிறுத்தினார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஹூப்பிங் கிரேன்?

வட அமெரிக்காவின் மிக உயரமான பறவை இது. நின்றால் கிட்டத்தட்ட 5 அடி. சிறகை விரித்தால் 7 அடிக்கு மேல். உடம்பு முழுக்க வெள்ளை, சிறகு நுனி மட்டும் கறுப்பு, தலையில் சிவப்புத் திட்டு. தொலைவில் இருந்தே கேட்கும் கணீர்க் குரல். அந்தக் குரலால்தான் இந்தப் பெயரே வந்தது.

ஒரு காலத்தில் கண்டத்தின் பல பகுதிகளில் இருந்த பறவை. சதுப்பு நிலங்களை வற்ற வைத்து விவசாயம் செய்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள். 1941-ல் கணக்கெடுத்தபோது காட்டில் மிச்சம் இருந்தது வெறும் 20 சொச்சம்தான். உலகம் முழுக்கச் சேர்த்தே அவ்வளவுதான்.

பாதுகாப்பு கொடுத்த பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறியது. ஆனால் இயற்கையாக வலசை போகும் கூட்டம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் குஞ்சு பொரித்து, சுமார் 4,000 கி.மீ. பறந்து, அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் இருக்கும் அரான்சாஸில் குளிர்காலத்தைக் கழிக்கும் கூட்டம் அது.

விஞ்ஞானிகளின் பயம் இதுதான். மொத்தக் கூட்டமும் ஒரே கடற்கரையில் தங்குகிறது. அங்கே ஒரு பெரிய புயல் அடித்தாலோ, எண்ணெய்க் கப்பல் கசிந்தாலோ, இனமே முடிந்துவிடும். அதனால் வேறு இடத்தில், வேறு பாதையில் இன்னொரு கூட்டம் வேண்டும். நாட்டின் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கோடையில் விஸ்கான்சின், குளிருக்கு புளோரிடா.

குஞ்சுகளுக்குப் பஞ்சம் இல்லை. ஹூப்பிங் கிரேன் பொதுவாக 2 முட்டை இடும், பெரும்பாலும் ஒரு குஞ்சைத்தான் வளர்த்தெடுக்கும். அதனால் 1967 முதல் கூட்டில் இருந்து ஒரு முட்டையை எடுத்து வந்து பண்ணையில் பொரிக்க வைத்தார்கள். மேரிலேண்ட் மாநிலத்தின் படக்ஸன்ட் வனவிலங்கு ஆராய்ச்சி மையம் இதற்குப் பெயர் போன இடம். பண்ணையில் கொக்கு வளர்ந்தது. அந்தக் கொக்குக்கு புளோரிடா எந்தத் திசை என்று தெரியாது, அங்கேதான் சிக்கல்.

கொக்குக்கு வழி தானாகத் தெரியாதா?

பல சின்னப் பறவைகளுக்குத் தெரியும். எந்தத் திசையில், எவ்வளவு நாள் பறக்க வேண்டும் என்பது அவற்றுக்குப் பிறவியிலேயே ஓரளவு வந்துவிடுகிறது. கொக்கு, வாத்து வகைகள் வேறு ரகம். இலையுதிர் காலம் வந்தால் 'கிளம்பணும்' என்ற துடிப்பு குஞ்சுக்கு வரும். ஆனால் எங்கே போவது, எங்கே இறங்குவது என்பதை முதல் பயணத்தில் பெற்றோரோடு பறந்துதான் கற்றுக்கொள்ளும்.

அதாவது பாதை என்பது ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போகும் அறிவு. கடைசிப் பறவை செத்தால் பாதையும் அதோடு போச்சு. பண்ணையில் ஆயிரம் குஞ்சு பொரித்தாலும் அந்தப் பாதை திரும்பி வராது.

நல்ல விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. ஒருமுறை காட்டினால் போதும். தெற்கே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனால், வசந்த காலத்தில் தானாகவே வடக்கே திரும்பிவிடும். அதன் பிறகு ஆயுள் முழுக்க வழித்துணை தேவையில்லை.

யார் யோசனை இது?

பில் லிஷ்மன் என்ற கனடா நாட்டுச் சிற்பி. குட்டி விமானம் ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வாத்துக் குஞ்சுகளைத் தன்னோடு பழக்கி, 1988-ல் தன் விமானத்துக்குப் பின்னால் பறக்க வைத்தார். 1993-ல் அவரும் ஜோ டஃப் என்பவரும் சேர்ந்து 18 வாத்துகளை கனடாவின் ஒன்டாரியோவில் இருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா வரை அழைத்துப் போனார்கள். அடுத்த வசந்தத்தில் அவற்றில் பெரும்பாலானவை யாருடைய உதவியும் இல்லாமல் ஒன்டாரியோவுக்குத் திரும்பின.

1996-ல் வந்த 'ஃப்ளை அவே ஹோம்' படம் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சின்னப் பெண் விமானம் ஓட்டி வாத்துகளைக் கூட்டிப்போகும் கதை. அதற்கு விதை போட்டது லிஷ்மனின் வேலைதான். இதே குழு 'ஆபரேஷன் மைக்ரேஷன்' என்ற அமைப்பாக வளர்ந்தது. அமெரிக்க மீன், வனவிலங்கு சேவைத் துறை, சர்வதேச கொக்கு அறக்கட்டளை போன்றவற்றோடு கைகோத்து, 2001-ல் ஹூப்பிங் கிரேன் திட்டத்தில் இறங்கியது.

விமானம் எதற்கு? டிரக்கே போதாதா?

நியாயமான கேள்வி. அதையும் செய்து பார்த்தார்கள். 1990-களின் நடுவில் அரிசோனா மாநிலத்தில், சாண்ட்ஹில் கிரேன் என்ற சாம்பல் நிறக் கொக்குகளை ஒரு டிரக்குக்குப் பின்னால் பறக்கப் பழக்கினார்கள். சாலையில் டிரக் ஓடும், கொக்குகள் மேலே பறந்து துரத்தும். மாநிலத்தின் வடக்கில் இருந்து மெக்சிகோ எல்லை அருகே வரை சுமார் 600 கி.மீ. இப்படிப் போனார்கள்.

பறவைகள் டிரக்கைத் தொடர்ந்தது உண்மை. ஆனால் சாலை ஓரம் எங்கும் மின்கம்பி. தாழப் பறக்கும் கொக்குகள் அதில் மோதின. கழுகுகளும் விடவில்லை. டிரக்கால் சாலை போகும் வழியில்தான் போக முடியும், பறவைக்கு ஏற்ற உயரத்துக்கும் ஏற முடியாது. அதனால் மேலே வழி காட்ட விமானம், கீழே கூண்டையும் தீனியையும் சுமக்க டிரக் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

முட்டைக்குள் இருக்கும்போதே பாடம்

கொக்குக் குஞ்சு பொரித்து வந்ததும் தன்னைப் பார்த்துக்கொள்பவரை 'நம்ம ஆள்' என்று மனதில் பதித்துக்கொள்ளும். அது மனிதனாக இருந்தால் வாழ்நாள் முழுக்க மனிதனையே தேடும். டெக்ஸ் என்ற பெண் கொக்குக்கு அதுதான் நடந்தது. மனிதர் கையில் வளர்ந்ததால் ஆண் கொக்குகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது முட்டையிட வேண்டும் என்பதற்காகவே விஞ்ஞானி ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட் அதன் எதிரே கொக்கு மாதிரி நடனம் ஆடினார். செயற்கைக் கருத்தரிப்பில் 1982-ல் ஒரு குஞ்சும் பிறந்தது.

ஒரு பறவைக்கு ஆடலாம். ஒரு கூட்டத்துக்கே ஆட முடியுமா? அதனால் விதிகள் கறாராக இருந்தன.

- குஞ்சு முன்னால் போகும் எல்லோரும் தலை முதல் கால் வரை மறைக்கும் வெள்ளை அங்கி போட வேண்டும். முகமும் தெரியக் கூடாது.

- ஒரு வார்த்தை பேசக் கூடாது. தாய்க் கொக்கு குஞ்சைக் கூப்பிடும் சத்தத்தைப் பதிவு செய்து கருவியில் ஒலிக்க விடுவார்கள்.

- கையில் கொக்குத் தலை பொம்மை. அதன் அலகால்தான் புழுவை எடுத்து ஊட்டுவார்கள், தீனி பொறுக்கவும் தண்ணீர் குடிக்கவும் சொல்லிக் கொடுப்பார்கள்.

- முட்டை பொரிவதற்கு முன்பே விமான இன்ஜின் சத்தத்தை அதற்குக் கேட்க வைப்பார்கள். வெளியே வந்ததும் அந்தச் சத்தம் பழகின சத்தமாக இருக்கும்.

கொஞ்ச நாளில் தரையில் உருளும் விமானத்தின் பின்னாடி குஞ்சுகள் ஓடத் தொடங்கும். இறகு முளைத்துப் பறப்பதற்கு முன்பே அவற்றைப் பெட்டியில் வைத்து, மேரிலேண்டில் இருந்து விமானத்தில் விஸ்கான்சினின் நெசீடா வனவிலங்கு சரணாலயத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். முதல் முதலாகச் சிறகடித்துப் பறந்து, மேலே இருந்து பார்க்கும் இடம்தான் கொக்குக்குச் சொந்த ஊர். வளர்ந்த பிறகு அவை மேரிலேண்டைத் தேடிப் போகவில்லை, விஸ்கான்சினுக்குத்தான் வந்தன. பெட்டிக்குள் இருந்தபடி கடந்த தூரம் அவற்றின் கணக்கில் சேரவே இல்லை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிரக் விஷயத்தில் இது முக்கியம்.

ஒரு நாள் பயணம் எப்படி இருக்கும்?

அல்ட்ராலைட் எனப்படும் இந்த விமானம் கிட்டத்தட்ட சிறகு கட்டிய மூன்று சக்கர வண்டி. கதவு இல்லை, கூரை இல்லை. மேலே துணிச் சிறகு, பின்னால் இன்ஜினும் காற்றாடியும். பறவை மாட்டிக்கொள்ளாமல் இருக்க காற்றாடியைச் சுற்றி வலைத் தடுப்பு. வேகம் மணிக்கு 60 கி.மீ. அளவு.

விடியும்போதுதான் கிளம்புவார்கள். வெயில் ஏறினால் தரையில் இருந்து வெப்பக் காற்று கிளம்பும். துணிச் சிறகு விமானம் அதில் தள்ளாடும். அதனால் காற்று அசையாத அதிகாலை வேண்டும். காற்று, மழை, மூடுபனி எதுவாக இருந்தாலும் அன்றைக்குப் பயணம் ரத்து.

கூண்டு திறந்ததும் முதல் விமானம் எழும்பும், குஞ்சுகள் பின்னாலேயே எழும்பும். விமானச் சிறகின் நுனியில் உருவாகும் மேல்நோக்கிய காற்று, பின்னால் வரும் பறவைக்குத் தாங்கலாக இருக்கும். வரிசையில் முதல் பறவைக்குத்தான் அந்தச் சலுகை அதிகம். கடைசியில் வரும் குஞ்சு களைத்துப் பின்தங்கினால், அதை அழைத்து வரத் தனியாக இன்னொரு அல்ட்ராலைட் பின்னால் வரும்.

அதே நேரம் கீழே வேறொரு ஓட்டம். தரைக் குழு கூண்டைப் பிரித்து டிரக்கில் ஏற்றும். இன்னொரு குழு ஏற்கெனவே அடுத்த ஊரின் வயலில் வேறு கூண்டை நிறுத்தித் தயாராக இருக்கும். இடம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வழியில் உள்ள விவசாயிகள். கண்காணிப்பு வேன் ஒன்று ஆன்டெனாவோடு கீழே ஓடும். ஒவ்வொரு குஞ்சின் காலிலும் ரேடியோ கருவி கட்டியிருப்பார்கள். எதாவது ஒன்று பாதியில் இறங்கிவிட்டால், வேனில் போய்த் தேடிப் பிடித்து, பெட்டியில் வைத்து டிரக்கில் அடுத்த முகாமுக்குக் கொண்டுவருவார்கள். அப்போதும் அங்கி கட்டாயம், பேச்சு கூடாது.

மேலே இருப்பவருக்குப் பேர் கிடைக்கும். ஆனால் கீழே டிரக் நேரத்துக்கு வராவிட்டால் பறவைக்கு இறங்க இடமே இருக்காது.

2001: முதல் பயணத்தில் என்ன நடந்தது?

அக்டோபர் 17 அன்று 8 குஞ்சுகளோடு நெசீடாவில் இருந்து கிளம்பினார்கள். இல்லினாய், இண்டியானா, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா என்று கடந்து போக வேண்டும். தொடக்க மாநிலத்தையும் முடிவு மாநிலத்தையும் சேர்த்தால் மொத்தம் 7 மாநிலங்கள்.

தொடக்கத்திலேயே ஒரு இழப்பு. புயல் காற்று அடித்த ஒரு இரவில் பறவைகள் கூண்டை விட்டு வெளியேறின. ஒன்று மின்கம்பியில் மோதி இறந்தது. மீதி 7.

அந்த ஏழில் ஒன்றுக்கு, அதாவது 4-ஆம் எண் கொக்குக்கு, விமானத்தைத் தொடர்வதில் இஷ்டமே இல்லை. கிளம்பும், கொஞ்ச தூரத்தில் திரும்பும். தினமும் தேடிப் பிடித்துக் குழுவே சோர்ந்தது. கடைசியில் வழியின் பெரும்பகுதியை அது டிரக்கில்தான் கடந்தது. மற்ற ஆறும் மேலே, இது மட்டும் கீழே பெட்டிக்குள்.

டிசம்பர் தொடக்கத்தில், ஏறத்தாழ 7 வாரத்துக்குப் பிறகு, ஏழும் புளோரிடாவின் சாசஹோவிட்ஸ்கா சரணாலயத்துக்கு வந்து சேர்ந்தன. இனி வசந்த காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். திரும்பிப் போகுமா என்பதுதான் உண்மையான பரீட்சை. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கொக்குகளை பாப்கேட் என்ற காட்டுப்பூனை கொன்றுவிட்டது. அதில் ஒன்று 4-ஆம் எண். டிரக்கில் வந்த கொக்குக்குத் திரும்பும் வழி தெரிந்திருக்குமா என்ற கேள்விக்கு அந்த ஆண்டு பதில் கிடைக்காமலேயே போனது.

போக 48 நாள், வர 10 நாள்!

2002 ஏப்ரல் 9. மிச்சம் இருந்த 5 கொக்குகளும் தாமாகவே எழும்பி வடக்கே கிளம்பின. முன்னால் விமானம் இல்லை, கீழே டிரக் இல்லை. ஏப்ரல் 19-ல் நான்கு கொக்குகள் நெசீடாவில் இறங்கிவிட்டன. தனியாகப் பிரிந்த ஐந்தாவதும் கொஞ்ச நாள் கழித்து வந்து சேர்ந்தது.

மனிதர்களோடு போனபோது 48 நாள் ஆன அதே தூரம். எப்படி இவ்வளவு சீக்கிரம்?

கொக்கு இயல்பாகவே வெப்பக் காற்றில் மிதக்கிற பறவை. பகலில் கிளம்பும் வெப்பக் காற்றில் வட்டமடித்து உயரே ஏறி, அங்கிருந்து சிறகை அசைக்காமல் சறுக்கிக்கொண்டே போகும். ஒரே நாளில் பல நூறு கி.மீ. கடந்துவிடும். விமானத்தின் பின்னால் போனபோது அந்த வசதி இல்லை. வெப்பக் காற்று இல்லாத அதிகாலையில், முழுக்க முழுக்கச் சிறகடித்தே பறக்க வேண்டியிருந்தது. சொல்லிக் கொடுத்தவருக்குத் தெரியாத வித்தையை மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

பின்னர் சில ஆண்டுகளில் மோசமான வானிலையால் தெற்குப் பயணம் 80 நாளுக்கு மேல்கூட இழுத்தது.

டிரக்கில் ஏற்றினால் பாதை பதியுமா?

திட்டம் முழுக்கத் துரத்திய கேள்வி இது. இரண்டு முறை மொத்தக் கூட்டத்தையுமே டிரக்கில் ஏற்ற வேண்டி வந்தது.

முதலாவது, 2011 பயணம். டிசம்பரில் அலபாமா மாநிலத்தில் இருந்தபோது ஒரு சட்டச் சிக்கல். இந்த வகை குட்டி விமானத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டக் கூடாது என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதி. விமானிகளோ ஆபரேஷன் மைக்ரேஷனின் ஊழியர்கள். பயணத்தை நிறுத்திவிட்டு அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். 2012 ஜனவரியில் விலக்கு கிடைத்தது. ஆனால் அதற்குள் வானிலை கெட்டுப்போயிருந்தது. பறவைகளும் கிளம்பும் மனநிலையில் இல்லை. கடைசியில் 9 கொக்குகளையும் டிரக்கில் ஏற்றி, அதே மாநிலத்தில் உள்ள வீலர் சரணாலயத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஆண்டு புளோரிடா கனவு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, 2014. அக்டோபரில் 7 கொக்குகளோடு கிளம்பியவர்கள், ஒரு மாதம் கழித்தும் விஸ்கான்சினைத் தாண்டவில்லை. வானிலை அவ்வளவு மோசம். குளிர் இறுகுவதற்குள் போயாக வேண்டும். பறவைகளைப் பெட்டியில் வைத்து, நடுவில் உள்ள மாநிலங்களை எல்லாம் சாலையிலேயே கடந்து, டென்னசிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மறுபடி விமானம். டிசம்பரில் புளோரிடா போய்ச் சேர்ந்தார்கள்.

எளிதான முடிவு இல்லை அது. இத்தனை ஆண்டு ஒவ்வொரு கி.மீ.யையும் வான்வழியாகவே காட்ட அவர்கள் பாடுபட்டது, பறவை தன் கண்ணால் பார்த்த நிலத்தைத்தான் நினைவில் வைக்கும் என்பதற்காக. நடுவில் பல நூறு கி.மீ. பாதையை வெற்றிடமாக விடுவது பெரிய சூதாட்டம். ஆனால் பனியில் மாட்டிச் சாவதைவிட அது பரவாயில்லை என்று முடிவெடுத்தார்கள்.

ஒரே இரவில் 17 கொக்குகள்

திட்டத்தின் மிகக் கறுப்பு நாள் 2007 பிப்ரவரி 2. முந்தைய இலையுதிர் காலத்தில் அழைத்து வந்த 18 இளம் கொக்குகள் சாசஹோவிட்ஸ்கா கூண்டில் இருந்தன. இரவில் புளோரிடாவைக் கடும் புயல் தாக்கியது. அதே புயலில் மனித உயிர்களும் பல போயின. விடிந்து பார்த்தால் 17 கொக்குகள் இறந்து கிடந்தன. தப்பியது ஒன்றுதான்.

ஒரு ஆண்டின் முழு உழைப்பும் ஒரே இரவில் அழிந்தது. 'ஒரே இடத்தில் எல்லாமும் இருக்கக் கூடாது' என்ற பயத்தில் தொடங்கிய திட்டத்துக்கே அதே அடி விழுந்தது. அதற்குப் பிறகு, 2008 முதல், கொக்குகளை புளோரிடாவில் இரண்டு சரணாலயங்களுக்குப் பிரித்துக் கொண்டுபோனார்கள்.

ஆனால் பாதை கற்றுக்கொண்டார்களா?

கற்றுக்கொண்டன. அதுவும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் அளவுக்கு. 2006-ல் விமானத்தின் பின்னால் பறந்து வளர்ந்த ஒரு ஜோடி நெசீடாவில் இரண்டு குஞ்சு பொரித்தது. அதில் ஒன்று பிழைத்தது. அந்த இலையுதிர் காலத்தில் பெற்றோர் அதை புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் குஞ்சுக்கு அங்கி போட்ட மனிதரும் தேவைப்படவில்லை, இன்ஜின் சத்தமும் தேவைப்படவில்லை.

2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. இந்தக் கொக்குகளின் 8 ஆண்டுப் பயணத் தரவை எடுத்து, நேர்ப்பாதையை விட்டு எவ்வளவு விலகுகின்றன என்று கணக்குப் பார்த்தார்கள். பெரியவர்கள் துணை இல்லாத ஒரு வயதுக் கொக்குகள் சராசரியாக சுமார் 97 கி.மீ. விலகின. வயதில் மூத்த கொக்கோடு போனவை 64 கி.மீ.க்கும் குறைவாகவே விலகின. கூட்டம் பெரிதா சிறிதா என்பது முக்கியமாக இல்லை. கூட்டத்தில் மூத்த பறவைக்கு எத்தனை வயது என்பதுதான் முக்கியம். அனுபவம் கூடக் கூட வழி நேராகிறது.

விமானம் அவற்றுக்குத் தொடக்கத்தைக் கொடுத்தது. மீதியை ஆண்டுக்கு ஆண்டு பறந்து அவையே கற்றுக்கொண்டன.

அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்?

பாதை கிடைத்தது, குடும்பம் அமையவில்லை. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

15 ஆண்டுகளில் கிழக்குக் கூட்டத்தில் சுமார் 250 கொக்குகளை விட்டார்கள். 2016 தொடக்கத்தில் உயிரோடு இருந்தவை 90 சொச்சம். அவை ஜோடி சேர்ந்தன, கூடு கட்டின, முட்டையும் இட்டன. ஆனால் அத்தனை ஆண்டிலும் காட்டில் பொரித்துப் பறக்கும் வயது வரை பிழைத்த குஞ்சுகள் சுமார் பத்துதான்.

ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. நெசீடாவில் பறவை ரத்தம் குடிக்கும் கறுப்பு ஈக்கள் மொய்க்கும். கடி தாங்காமல் கொக்குகள் முட்டையை விட்டுவிட்டு எழுந்து போயின. அதனால் 2011 முதல் விஸ்கான்சினின் வேறு பகுதிக்கு மாறினார்கள்.

இன்னொரு சந்தேகம்தான் பெரியது. அங்கி போட்ட மனிதர் வளர்த்த கொக்குக்கு, குஞ்சை வளர்க்கத் தெரியுமா? நரி வந்தால் என்ன செய்வது, குஞ்சை எங்கே நடத்திக் கூட்டிப்போவது, இரவில் எங்கே தங்க வைப்பது என்பதை எல்லாம் ஒரு குஞ்சு தன் அப்பா அம்மாவைப் பார்த்துத்தானே கற்கும்? பொம்மை அலகு புழு ஊட்டலாம். நாள் முழுக்க ஒரு தாய் செய்யும் ஆயிரம் சின்ன விஷயங்களை அது செய்துகாட்ட முடியாது.

2016 ஜனவரியில் அமெரிக்க மீன், வனவிலங்கு சேவைத் துறை விமான வழிகாட்டல் முறையை நிறுத்த முடிவு செய்தது. மனிதத் தலையீட்டை முடிந்த அளவு குறைக்க வேண்டும் என்பது அதன் வாதம். அப்போது தெற்கே போய்க்கொண்டிருந்த கூட்டம்தான் கடைசி. ஆபரேஷன் மைக்ரேஷன் அமைப்பும் 2018-ல் கலைந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2017 டிசம்பரில், பில் லிஷ்மன் காலமானார்.

இப்போ என்ன நடக்கிறது?

இப்போது பண்ணையில் குஞ்சைக் கொக்கே வளர்க்கும் முறையும் இருக்கிறது. அதில் அங்கி மனிதர் கிடையாது. இலையுதிர் காலம் நெருங்கும்போது அந்தக் குஞ்சைக் காட்டில் இருக்கும் பெரிய கொக்குகளுக்குப் பக்கத்தில் விடுகிறார்கள். குஞ்சு இல்லாத ஜோடியாக இருந்தால் நல்லது. ஒட்டிக்கொண்டால் அவற்றின் பின்னாலேயே தெற்கே பறந்துபோகும்.

அந்தப் பெரிய கொக்குகளுக்கு வழி எப்படித் தெரியும்? அவையோ, அவற்றுக்கு வழி காட்டிய மூத்த பறவைகளோ விமானத்தின் பின்னால் பறந்து கற்றது அது. 2001-ல் அதைச் செய்யாமல் இருந்திருந்தால், இன்றைக்குக் குஞ்சைக் கொண்டுபோய் விடுவதற்கு வழி தெரிந்த ஒரு ஜோடிகூட அந்தப் பக்கம் இருந்திருக்காது.

கனடா - டெக்சாஸ் கூட்டம் இன்று 550-ஐத் தாண்டிவிட்டது. கிழக்குக் கூட்டம் இன்னும் 70, 80 என்ற அளவில்தான் தத்தளிக்கிறது. வெளியே இருந்து புதுக் குஞ்சு விடாமல் அது தானாக நிலைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்தக் கொக்குகள் விஸ்கான்சின் சதுப்பில் இருந்து எழும்பித் தெற்கே திரும்புகின்றன. முன்னால் விமானமும் கீழே டிரக்கும் இல்லாமலேயே.